கொழுந்தியாள் பிள்ளைக்குச் செய்த தொட்டில்

தொட்டிலில் ஆணி அடிக்கக் கூடாது. நான் செய்ததில் ஓர் ஆணிகூடக் கிடையாது. வேண்டுமானால் ஆளை அனுப்பிப் பார்த்துக்கொள்ளுங்கள். கட்டையின் நுனியை நாக்குப் போலச் சீவி, எதிர்க்கட்டையில் அதே அளவுக்குப் பொந்து குடைந்து, பசை வைத்து இறக்கினால் போதும். ஆட்ட ஆட்ட இறுகுமே தவிர விடாது. வார்னிஷும் அடிக்கவில்லை. பல் முளைக்கிற பிள்ளை விளிம்பைக் கடிக்காமல் இருக்காது. அதனால் உப்புத்தாள் போட்டு நன்றாகத் தேய்த்து, தேன்மெழுகு மட்டும் பூசினேன். நீங்கள் கேட்டது இது இல்லை என்று தெரியும். அதற்குத்தான் வருகிறேன்.

எங்கள் வீட்டில் முன்பக்கம் பட்டறை, பின்பக்கம் குடித்தனம். நடுவில் ஒரு கதவு. நானும் மனைவியும் மட்டும்தான். அவள் வயிற்றில் வந்தது எதுவும் நிலைக்கவில்லை. கடைசியாக ஒன்று பிறந்து, அழாமலே போய்விட்டது. அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுத்ததில்லை. பேசாவிட்டால் என்ன, கூடவே இருக்கிறவனுக்குத் தெரியாதா. தெருவில் யாராவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனால் நான் அவள் முகத்தைப் பார்ப்பேன். அவள் என் முகத்தைப் பார்ப்பாள். இருவரும் வேறு பேச்சுக்குப் போய்விடுவோம்.

கொழுந்தியாள் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்குத்தான் வந்தாள். அவளுக்கும் வேறு வீடு ஏது? அம்மா போன பிறகு அவளுக்குத் தலை வாரி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணம் வரை செய்து வைத்தது என் மனைவிதான். அவள் புருஷன், என் சகலை, கப்பலில் வேலை. போனால் மாதக்கணக்கில் வர மாட்டான். அவள் வந்ததும் வீட்டில் சத்தம் வந்தது. அப்படி ஒரு வாய். பட்டறை வாசலில் நாற்காலியைப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்துகொள்வாள்.

"அக்கா, அத்தான் வாயத் திறக்கணும்னா உளியப் போட்டு நெம்பணும் போலிருக்கு," என்பாள்.

எனக்கே சிரிப்பு வந்துவிடும். அவள்மேல் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. இதை நீங்கள் முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

தொட்டில் செய்யச் சொன்னதும் அவள்தான். கடையில் விற்பது பிளாஸ்டிக், என் பிள்ளைக்கு அத்தான் கையால்தான் வேண்டும் என்றாள். வந்த வேலைகளைத் தள்ளிவைத்துவிட்டு அதைச் செய்தேன். கட்டில் பலகைக்கு என்று எடுத்துவைத்த நல்ல மரத்தை அறுத்தேன். முடிந்த அன்று மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் ஒரு கையை விளிம்பில் வைத்து மெல்ல ஆட்டினாள். உள்ளே ஒன்றும் இல்லை, ஆனாலும் கொஞ்ச நேரம் ஆட்டிக்கொண்டே நின்றாள். அதைப் பார்த்த பிறகு எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

ஆண் பிள்ளை. ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்து வந்த வாரமே சகலை போன் செய்தான். கரையிலேயே வேலை கிடைத்துவிட்டது, துறைமுகத்துக்குப் பக்கத்தில் வீடும் பார்த்துவிட்டேன், உடம்பு தேறியதும் அழைத்துப் போகிறேன் என்றான். கொழுந்தியாள் படுத்தபடியே கைதட்டினாள்.

"தொட்டில கழட்டித் தருவீங்களா அத்தான், இல்ல முழுசா லாரியில ஏத்தணுமா?"

"கழட்ட முடியாது," என்றேன்.

மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. அன்றைக்கு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அப்புறம் அந்தக் காலை. பிள்ளைக்குத் தடுப்பூசி போட வேண்டிய நாள். கொழுந்தியாளுக்கு முந்தின நாளிலிருந்தே அசதி, நீ படுத்திரு என்று சொல்லிவிட்டு மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினாள். நான் பட்டறையில் ஒரு கதவுக்கு இழைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து "அத்தான்" என்று கூப்பிட்டாள். போய்ப் பார்த்தேன். படுக்கை நனைந்திருந்தது. அவ்வளவு ரத்தத்தை நான் பார்த்ததில்லை.

"திடீர்னு நிக்காமப் போகுது. காரக் கூப்பிடுங்க."

வாடகைக் கார் தெருமுனையிலேயே நிற்கும். ஆஸ்பத்திரி பெரிய தூரமும் இல்லை. நான் போனை எடுத்துக்கொண்டு பட்டறைக்கு வந்தேன். கூப்பிடத்தான் வந்தேன், பொய் சொல்லவில்லை. வந்து நின்றால் எதிரே தொட்டில் இருந்தது. பிள்ளை தூங்கும் நேரம் தவிர அதைப் பட்டறையில்தான் வைப்போம், உள்ளே இடம் போதாது. எனக்குத் தோன்றியதெல்லாம் இதுதான்: கடவுள் எங்களிடமிருந்து ஒருமுறை எடுத்துக்கொண்டார், இப்போது கொடுக்கிறார். நானாகத் தேடிப் போகவில்லை. அது தானாக வந்து கதவைத் தட்டியது.

திரும்பிப் போய், "கூப்பிட்டுட்டேன். கார் வந்துட்டிருக்கு," என்றேன்.

"என் போனக் குடுங்க, அக்காகிட்டப் பேசறேன்."

"சார்ஜ் போட்டிருக்கு. நீ அலட்டிக்காம படு."

அது பட்டறையில்தான் சார்ஜில் இருந்தது, அதுவும் பொய்யில்லை. மறுபடி வெளியே போய் இழைப்பு மிஷினைப் போட்டுவிட்டு வந்தேன். கட்டை எதுவும் வைக்கவில்லை, சும்மா ஓடியது. பட்டறை திறந்திருந்து சத்தம் இல்லாவிட்டால் எதிர்வீட்டுத் தையல்காரர் என்ன ஏது என்று எட்டிப் பார்ப்பார். நல்ல மனுஷன்.

அவளை நான் தனியாக விடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் கேட்டாள், கொடுத்தேன். குளிர்கிறது என்றாள், என் போர்வையையும் எடுத்துப் போர்த்தினேன். நடுவில் வாசல் வரை போய் எட்டிப் பார்த்துவிட்டு வருவேன்.

"வந்துருச்சா?"

"திருப்பத்துல வருது."

"உங்களுக்குத்தான் கஷ்டம் அத்தான்," என்றாள். அப்புறம் பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டும், அக்கா வந்ததும் எழுப்பிவிடுங்கள் என்றாள். சரி என்றேன். பேச்சு குழறி, கண் சொருகிவிட்டது. அதன் பிறகு மிஷினை நிறுத்தினேன். மனைவி வந்து கேட்டபோது, கார் வரவே இல்லை என்றேன், அதுவும் பொய்யில்லை.

சகலை வந்தான். என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதான். "நீங்க இருக்கீங்கங்கிற தைரியத்துலதான் அண்ணே விட்டுட்டுப் போனேன்," என்றான். கைக்குழந்தையை வைத்துக்கொண்டு அவனால் என்ன செய்ய முடியும்? பிள்ளை எங்களிடமே இருக்கட்டும் என்று அவனே சொன்னான். நான் வாய் திறந்து கேட்கவில்லை.

எல்லாம் சரியாகத்தான் வந்தது. மனைவிதான் தேறவில்லை. பிள்ளைக்குப் பால் கரைத்துக் கொடுப்பாள், குளிப்பாட்டுவாள், தொட்டிலில் போட மாட்டாள். மடியிலேயே வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாளாக ஆகச் சரியாகும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் பால்மாவு டப்பா வாங்கப் போனவள், தெருமுனையில் கார்க்காரனைப் பார்த்துச் சண்டை பிடித்திருக்கிறாள். எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டும் ஏன் வரவில்லை, நீ வந்திருந்தால் என் தங்கை பிழைத்திருப்பாளே என்று. அவன் குழம்பிப்போய், "யாரும் கூப்பிடலையேம்மா. அன்னிக்கு சவாரியே இல்லாம இங்கேதான் நின்னுட்டிருந்தேன்," என்றிருக்கிறான்.

வீட்டுக்கு வந்து என் எதிரில் நின்றாள். "நீங்க போன் பண்ணவே இல்லையா?"

அவளிடம் நான் பொய் சொன்னதில்லை. "இல்ல," என்றேன். "உனக்காகத்தான்."

இத்தனை வருஷத்தில் என்னை அவள் நீ என்று சொன்னது அப்போதுதான்.

"நான் எப்ப உன்கிட்டப் பிள்ளை கேட்டேன்? நான் அத விட்டு எவ்வளவோ நாளாச்சு. நீதான் விடல. தெருவுல போற குழந்தை ஒவ்வொண்ணையும் நீதான் பாப்ப. நீ ஏங்கிப் போறியேன்னுதான் நான் உன் முகத்தப் பாத்துட்டிருந்தேன்."

நான் தொட்டிலைப் பார்த்தேன்.

"எனக்குன்னு ஒரே ஒரு பிள்ளைதான் இருந்துச்சு. நான் தலை வாரி வளத்த பிள்ளை. அவளப் போய்..." என்று நிறுத்திவிட்டாள். அழக்கூட இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சகலை வீட்டுக்குப் போனாள். அங்கிருந்துதான் இரண்டு பேருமாக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறார்கள்.

துக்கத்தில் சொல்கிறாள். அந்தத் தொட்டிலை அவள் ஆட்டியதை நான் என் கண்ணால் பார்த்தேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். கூப்பிட்டிருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதையும் மறுக்கவில்லை, கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் இன்னொன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். கொழுந்தியாள் கடைசிவரை பயப்படவே இல்லை. கார் வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு, என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனாள். நான் அவளை அப்படிப் பார்த்துக்கொண்டேன். இதை யாராவது என் மனைவியிடம் எடுத்துச் சொன்னால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருக்கும்.