குழந்தையின் நாக்கில் வைத்த விபூதி

என் பெயர் இந்திராதேவி, த/பெ நல்லமுத்து. வயது 66. மலேசியா, மலாக்கா மாநிலம் ஜாசினில் குடியிருக்கிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். எங்கள் தோட்டத்து அம்மன் கோயிலின் செயலாளர். போலீஸ் நிலையத்தில் கார்ப்பரல் புவனேந்திரன் கேட்க, தமிழில் சொல்கிறேன்.

கோயிலுக்கு வர முடியாதவர்களுக்கு விபூதிப் பொட்டலங்களைத் தபாலில் அனுப்பலாம் என்று யோசனை சொன்னவர் இளைஞர் பிரிவுத் தலைவர் யுவனேஸ்வரன். என்னிடம் படித்தவர். சென்ற வெள்ளிக்கிழமை பூசையில் விபூதி தீர்ந்துவிடவே, அவர் கட்டி வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து, குழந்தைக்குக் காய்ச்சல் என்று வந்த மலர்விழியிடம் கொடுத்தேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை அந்தப் பெட்டியைப் போலீசார் கைப்பற்றி, பொட்டலங்களை அடையாளம் காட்ட மறுநாள் என்னை டுரியான் துங்காலில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்துக்கு அழைத்துச் சென்றனர். யுவனேஸ்வரனும் கைவிலங்கோடு அங்கே இருந்தார். பொட்டலங்களைப் பிரிக்காமலே டெராஹெர்ட்ஸ் அலைக் கருவிக்குள் வைத்தார்கள். விடைத்தாளை வெளிச்சத்தில் பிடித்தால் பின்பக்க எழுத்து தெரியுமே, அதுபோலத் திரையில் காகிதத்தைத் தாண்டி உள்ளே இருந்த தூள் தெரிந்தது. முகம் பார்க்காமல் குரலை வைத்தே இன்ன பிள்ளை என்று நாங்கள் சொல்வதுபோல, தூள் அலையை விழுங்கும் விதத்தை வைத்துக் கருவி இன்ன பொருள் என்று சொல்லுமாம். விபூதி சாம்பல் நிறத்தில் தெரிந்தது. சில பொட்டலங்கள் சிவப்பாகத் தெரிந்தன. அவை சியாபு என்ற போதைப்பொருள் என்றார்கள்.

அதன் பிறகு போலீஸ் அதிகாரி, விபூதியை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். நெற்றியில் இடுவோம், கொஞ்சம் வாயிலும் போடுவோம், குழந்தைக்கு நாக்கில் தடவுவோம் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் மலர்விழியின் நினைவு வந்தது.

யுவனேஸ்வரன் சிரித்தார். "ஏன் டீச்சர் மூஞ்சி இப்படிப் போவுது? சாமி பொட்டலம்லா. ஒரு பய பிரிச்சுப் பாக்க மாட்டான், அதான்."

இதற்கு மேல் அவரை 'அவன்' என்றே எழுதும்படி கார்ப்பரலைக் கேட்டுக்கொண்டேன்.

வெளியே ஓடி, மலர்விழிக்குப் போன் செய்தேன். "காலையிலதான் டீச்சர், புள்ள நாக்குல வச்சேன். ஏன்?" என்றாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன். போலீசார் காரில் போய் அவளிடமிருந்த பொட்டலத்தை வாங்கி வந்தார்கள். அதைக் கருவிக்குள் வைத்தபோது நான் திரையைப் பார்க்கவில்லை. "சாம்பல்" என்று யாரோ சொன்னார்கள். டாக்டருக்குத் தகவல் போயிற்று.

அதன் பிறகு வெறும் விபூதிதான் என்று அதிகாரி திருப்பித் தந்த அந்தப் பொட்டலத்துடன் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குழந்தை அம்மாவின் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. பொட்டலத்தைக் கண்டதும் மலர்விழி குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள். "மெசினு சொன்னா சரிதான் டீச்சர். ஆனா புள்ளைகிட்ட கொண்டு வராதீங்க."

நானும் அதிலிருந்து எடுத்து நெற்றியில் இடவில்லை. அவன் கை பட்டது. பொட்டலத்தை இப்போது இங்கே ஒப்படைக்கிறேன். எனக்கு வேண்டாம்.

எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே உள்ளது, எல்லாம் உண்மை. யாரும் என்னை வற்புறுத்தவில்லை.

(ஒப்பம்)
ந. இந்திராதேவி