வலது கைப்பிடி

— இன்னும் தடியா சுத்து, கண்ணாயிரம்.

— இதுக்கு மேல சுத்தினா உலக்கையைப் பிடிக்கற மாதிரி இருக்கும், ஆதிமூலம் சார். டியூப் ரப்பர் ஏற்கெனவே ரெண்டு சுத்து போட்டாச்சு.

— பரவால்ல. தடியா இருந்தாதான் கை நிக்குது. நேத்து தேரடித் தெருவுல ஆக்சிலேட்டரை முறுக்கினவன் திருப்பி விட முடியல. ஒரு பூக்காரம்மா மேல ஏத்தியிருப்பேன்.

— விட முடியலியா, பிடிக்க முடியலியா?

— ரெண்டும்தான். கையில வேர்வை ஜாஸ்தி.

— கார்த்திகைக் குளிர்ல வேர்வையா சார்?

— கேள்வி கேக்காத. இன்னொண்ணு செய். ஆக்சிலேட்டர் மேல ஒரு தகடு வச்சு இறுக்கிக் குடு. உள்ளங்கையால அமுக்கினாலே வண்டி போவணும். விரலை மடக்கவே வேணாம்.

— தகடு வைக்கலாம். கை பிரேக்கை எதால பிடிப்பீங்க?

— கால் பிரேக் இருக்குது இல்ல?

— ஜனம் மலையைச் சுத்தி நடக்கற ஊரு சார் இது. கால் பிரேக்கை மட்டும் நம்பி உங்களை வுட மாட்டேன். கொஞ்ச நாளைக்கு பஸ்ல போங்களேன்.

— பஸ் போற ஊராடா எனக்கு? மண் ரோட்ல பட்டி பட்டியாப் போயி, ஜனங்க முதுகுல தேமல் இருக்குதான்னு பாக்கற வேலை. வண்டி ஓட்டலன்னா ஆபீஸ்ல ஏன்னு கேப்பாங்க. கேட்டா கையைக் காட்டணும். நீ சுத்துடா!

— சார்! கையை எடுங்க! சைலன்சர் மேல வச்சிருக்கீங்க!

— எங்க?

— ஐயோ, தோலு பொசுங்குது சார்! இந்தாங்க, வாளித் தண்ணியில முக்குங்க.

— கத்தாத. டீக்கடைல இருந்து பாக்கறாங்க.

— வலிக்கலியா சார்?

— கத்தாதன்னு சொன்னேன்.

— மெதுவாவே கேக்கறேன். வலிக்கலியா?

— இல்ல.

— குடுங்க கையை. துணி சுத்தி வுடறேன்.

— தொடாத.

— தொட்டதும் ஒட்டிக்காதுன்னு ஊருக்கெல்லாம் சொல்றவரு நீங்க. குடுங்க. சுண்டு விரலும் மோதிர விரலும் நிமிரவே மாட்டேங்குதே!

— தீபாவளிக்கு முன்னாடியே மடங்கிடுச்சு. முழங்கைகிட்ட ஒரு தேமல். நானே ஊசி வச்சு குத்திப் பாத்தேன். ரத்தம்தான் வந்துச்சு, வலி வரல.

— கீழ்பென்னாத்தூர் சந்தையில மைக்கைப் பிடிச்சிக்கிட்டு, 'மறைக்காதீங்க, இது சாபம் இல்ல, மாத்திரை சாப்ட்டா குணமாவும்'னு தொண்டை கிழியக் கத்தினது யாரு சார்?

— நான்தான். அதைக் கேட்டு வெளிய சொன்னவங்க வீட்ல அப்புறம் எவன் பொண்ணு எடுத்தான்? அதையும் நான்தான பாத்தேன். வெள்ளிக்கிழமை என் பொண்ணு உண்ணாமலைக்கு நிச்சயம். தாயில்லாத பொண்ணு. அப்பனுக்கு குஷ்டம்னு ஒரு வார்த்தை போனா போதும், அத்தோட முடிஞ்சிது.

— தை மாசம் கல்யாணம் முடியற வரைக்கும் இந்தக் கை தாங்குமா?

— தாங்காது. எனக்குத் தெரியாதா? போன உணர்ச்சி போனதுதான். இப்ப மருந்து எடுத்தா மிச்சம் இருக்கற விரலாவது நிக்கும்.

— அப்ப எடுங்க!

— போறது போவட்டும்டா. அவ கழுத்துல தாலி ஏறட்டும், மறுநாளே நானா போயி ஆஸ்பத்திரில உக்காந்துக்கறேன். அதுவரைக்கும் நான் ரோட்ல நல்லா இருக்கறவன் மாதிரி வண்டி ஓட்டணும். உன் கால்ல விழறேன், அந்தத் தகடை மட்டும் வச்சுக் குடு.

— சார், என்ன இது! எழுந்திருங்க. வயசுல பெரியவரு... எழுந்திருங்க சார்.

— வைப்பியா?

— வைக்க மாட்டேன். உங்களை வண்டி எடுக்க வுடக் கூடாதுன்னு சொல்லிட்டுப் போயிருக்குது.

— யாரு?

— உங்க பொண்ணுதான். காலைல நான் கடை தொறக்கறப்பவே வந்து நின்னுச்சு. நீங்களா சொல்லட்டும்னுதான் இவ்ளோ நேரம் தெரியாத மாதிரி இருந்தேன்.

— அவளுக்கு என்ன தெரியும்?

— சோறு பிசையறப்ப உங்க விரலைப் பாத்திருக்குது சார். நீங்க தூங்கறப்ப தேமலைப் பாத்திருக்குது. அப்பா முகத்தைப் பாத்து சொல்ல தெம்பு இல்லன்னு இந்த ஸ்டூல்ல உக்காந்து அழுதுது.

— என்னடா சொன்னா?

— 'மாப்பிள்ளை வீட்ல நேத்து நானே போயி சொல்லிட்டேன், வெள்ளிக்கிழமை யாரும் வர மாட்டாங்க. இனிமே அப்பா மறைக்கறதுக்கு ஒண்ணும் இல்ல, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்கண்ணா'ன்னு.