வலைக்குள் ஒரு மீன்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் போகும் பஸ். முன் சீட்டில் இருந்த இளம்பெண் பக்கத்திலிருந்த அம்மாளிடம், "வலையில வெச்சுதான்க்கா அந்த மீனைக் காப்பாத்திக்கினு இருக்கேன்" என்றாள்.

"மீனைப் புடிக்கத்தானே வலை?"

"கண்ணாடித் தொட்டியில நான் அப்புறமா வாங்கி வுட்ட மீனுங்க அதோட வாலைக் கடிக்குதுங்க. அதான் கைவலையைத் தண்ணியில தொங்கவுட்டு, இதை மட்டும் உள்ள வுட்டிருக்கேன். தீனியும் அதுக்குள்ளயே போடறேன். வீட்டுக்காரரு மஸ்கட் போறப்ப வாங்கி வுட்ட பத்துல இது ஒண்ணுதான் மிச்சம்."

"அவருக்குத் தெரியுமா?"

"பத்தும் நல்லா இருக்குதுன்னு எழுதிக்கினு இருக்கேன்."

"எப்ப வர்றாராம்?"

பஸ் விக்கிரவாண்டியில் நின்று கிளம்பியது.

"இன்னும் ரெண்டு வருஷம் ஆவுமாம். மீனு எவ்ளோ நாள்க்கா உசுரோட இருக்கும்?"