வண்டிக்குள் யாரும் இல்லை

டீ நன்றாக இருக்கிறது மேடம். சர்க்கரை கொஞ்சம் தூக்கல்தான், ஆனால் குறை சொல்லவில்லை. அந்த ஜன்னல் திறக்காதா? சரி, பரவாயில்லை.

என் தொழில் உங்களுக்குத் தெரியும். கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம் கிளட்ச் மிதித்துப் பழகியவர்கள். எல்லோருக்கும் நான் மாஸ்டர். என் மனைவியும் அப்படித்தான் கூப்பிடுவாள். ஸ்டியரிங்கைத் தொட விடுவதற்கு முன்பே, விபத்து நடந்தால் எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்துவிடுவேன். ஆம்புலன்ஸுக்கு ஒன்று, போலீசுக்கு ஒன்று, பழுதான வண்டியைக் கட்டி இழுத்துப் போகிறவர்களுக்கு ஒன்று. பதற்றத்தில் ஜனங்கள் எதையோ அழுத்திவிடுகிறார்கள். "முதல்ல ஆளைப் பாரு, அப்புறம் வண்டியைப் பாரு" என்பேன். வகுப்பே சேர்ந்து திருப்பிச் சொல்லும். அதனால், பதற்றத்தில் எனக்கு எண் குழம்பிவிட்டது என்று என் வக்கீல் சொல்வதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டாம். எனக்கு எதுவும் குழம்பவில்லை.

என் மனைவிக்கு மட்டும் நான் கற்றுத்தரவில்லை. எதற்கு? போக வேண்டிய இடத்துக்கெல்லாம் நானே கூட்டிப்போனேன். அவள் அக்கா வீட்டுக்குப் போனால், பேசி முடித்து வரும்வரை வாசலில் காரிலேயே உட்கார்ந்திருப்பேன். எந்தப் புருஷன் அப்படிக் காத்துக் கிடப்பான், சொல்லுங்கள். நேரமானால் ஹாரன் அடிப்பேன், அவ்வளவுதான். கடைசியில் என்ன ஆயிற்று? நான் வகுப்பில் இருக்கும் நேரம் பார்த்து, பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இன்னொரு பள்ளியில் போய்க் கற்றுக்கொண்டு லைசென்ஸே வாங்கிவிட்டாள். ஊருக்கெல்லாம் மாஸ்டர், வீட்டில் ஏமாளி.

அன்று வகுப்பு முடிந்து கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். வாசலில் எங்கள் கார் போனது. ஓட்டியது அவள். பின்சீட்டில் பெரிய பெட்டி. அக்கா வீட்டுக்குப் போகிறாள், திரும்பி வரும் எண்ணமில்லை என்பது பார்த்ததுமே தெரிந்தது.

நான் துரத்தவில்லை. பயிற்சி வண்டியை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நிறுத்தச் சொல்லி விளக்கைப் போட்டுப் போட்டு அணைத்தேன். அவள் நிறுத்தவில்லை. நெருங்கிப் போனேன். பம்பரில் பம்பர் லேசாகப் பட்டது. ஒரு தடவைக்கு மேல் பட்டிருக்கலாம். அவள் கண்ணாடியில் என்னையே பார்த்துக்கொண்டு ஓட்டினாள். முன்னால் பார்த்து ஓட்ட வேண்டும் என்று அந்தப் பள்ளியில் சொல்லித்தரவில்லை போலிருக்கிறது. ஓரமாக நின்றிருந்த சிமெண்ட் லாரியின் பின்னால் போய்ச் சொருகிவிட்டாள்.

அவள் பக்கத்துக் கதவு நசுங்கியிருந்தது. ஸ்டியரிங் நெஞ்சை அழுத்திக்கொண்டிருந்தது. மூக்கில் கொஞ்சம் ரத்தம். பேச்சு தெளிவாகத்தான் இருந்தது.

"மூச்சு விட முடியல. யாரையாவது கூப்பிடுங்க."

அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பார்சல் கொண்டுபோகிற ஓர் ஆள் போனை எடுத்துவிட்டான். நான் கையைக் காட்டித் தடுத்தேன்.

"நான் அவ வீட்டுக்காரன்பா. ஆம்புலன்ஸுக்குப் பேசிட்டேன். கிளம்பிட்டாங்க."

"நிஜமாவா சார்? நானும் ஒரு தடவை அடிச்சுப் பாக்குறேனே."

என்னிடம் படித்த தையல்காரம்மா ஒருத்தி அங்கே நின்றிருந்தாள். "அட, மாஸ்டரே இருக்காரு. அவருக்குத் தெரியாததா? நீ வேற குழப்பிவிடாதே" என்று அவனை அதட்டினாள். அவன் போனைப் பையில் போட்டுக்கொண்டான். மற்றவர்களும் அப்படியே செய்தார்கள். நம்மிடம் படித்தவர்கள் நம்மேல் வைத்திருக்கிற மரியாதை, பார்த்துக்கொள்ளுங்கள்.

மறுபக்கத்துக் கதவு சுலபமாகத் திறந்தது. உள்ளே ஏறி அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டேன். வெளியே ஒரே தூசி. பிறகு போன் செய்தேன். வண்டி இழுக்கிற கம்பெனிக்கு. பதிவை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

"வண்டில யாராச்சும் மாட்டியிருக்காங்களா சார்?"

"வண்டிக்குள்ள யாரும் இல்ல. அவசரம் ஒண்ணும் இல்ல, மெதுவா வாங்க."

அவள் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அவள் கை காலடியில் கிடந்த கைப்பையைத் தேடியது. அதில்தான் அவள் போன் இருந்தது. இடைஞ்சலாக இருக்கிறதே என்று பையை எடுத்துப் பின்சீட்டில் வைத்தேன். ஜன்னல் கண்ணாடியைத் தட்டினாள். அந்தப் பார்சல் ஆள் குனிந்து பார்த்தான். "வலிம்மா, பொறுத்துக்கோ, வந்துடுவாங்க" என்று அவளைத் தட்டிக்கொடுத்தேன். அவன் கண் கலங்கிவிட்டது.

வண்டி இழுக்க வந்த டிரைவர்தான் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, "யோவ், ஆளே இல்லன்னு சொன்ன, இங்க ஒரு பொம்பளை கெடக்காங்களேய்யா" என்று என் சட்டையைப் பிடித்தார். அவரே ஆம்புலன்ஸையும் கூப்பிட்டார். என்னிடம் படித்தவர் இல்லை. ஆனாலும் சரியான எண்ணைத்தான் அழுத்தினார். கொஞ்சம் முன்னால் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாள் என்று டாக்டர் சொன்னதாக நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கும்.

ஏன் என்று கேட்டீர்கள். ஆம்புலன்ஸ் வந்தால் ஆஸ்பத்திரி. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே அக்கா வீடு. அப்புறம் நான் எந்த வாசலில் போய்க் காத்திருப்பது? அவளிடம் பேச வேண்டியது நிறைய இருந்தது மேடம். வீட்டில் நான் வாயைத் திறந்தால் பாதியில் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விடுவாள். அன்றைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்குக் கோபமில்லை என்றேன். லைசென்ஸ் வாங்கியதை மன்னித்துவிட்டேன் என்றேன். அக்காவிடம் நானே பேசிக்கொள்கிறேன் என்றேன். முதலில் கொஞ்சம் அழுதாள். அப்புறம் அதுவும் நின்றுவிட்டது. தலையை என் பக்கம் சாய்த்தபடி, ஒரு வார்த்தை மறுத்துப் பேசாமல், கடைசிவரை கேட்டாள்.

எங்களுக்குள் எல்லாம் சரியாகிவிட்டது மேடம்.