காது டீச்சரின் அறையைப் பூட்டியது யார்?

மேடையில் நாற்காலி கிடைத்தவர்களே, மூன்று பேர் உட்காரும் பெஞ்சில் ஐந்து பேராக நெருக்கி உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே, வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து சன்னலோரம் நிற்கும் தகப்பன்மார்களே, எல்லாருக்கும் முன்னால் நான் வணங்க வேண்டிய டீச்சரின் அக்காவே, வணக்கம்.

பெற்றோர் சார்பில் இரண்டு நிமிடம் பேசலாம் என்று எனக்குச் சொல்லியிருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுதிக்கொண்டு வந்ததை எழுத்துக்கூட்டிப் படிப்பதற்குள் இரண்டு நிமிடம் ஓடிவிடும். மணி அடிக்க வேண்டியவர்கள் அடித்துக்கொள்ளுங்கள். நான் நிறுத்தமாட்டேன்.

நான் இங்கே அழ வரவில்லை. அழுகையை வீட்டிலேயே முடித்துவிட்டேன். பழி தீர்க்க வந்திருக்கிறேன். இரங்கல் கூட்டத்தில் இப்படிப் பேசலாமா என்று முகம் சுளிக்கிறவர்கள் சுளியுங்கள். உயிரோடு இருந்தவரை அவரை வாசலில் நிற்க வைத்தவர்கள், செத்த பிறகு அவர் படத்துக்குப் பூ வைக்கலாம் என்றால், நான் நாலு வார்த்தை பேசக் கூடாதா?

இந்தக் கூட்டத்தின் முடிவில் நம் பள்ளியின் தாளாளர் ஐயா ஒரு தீர்மானம் வாசிக்கப் போகிறார். அழைப்பிதழிலேயே அச்சடித்திருக்கிறார்கள். டீச்சர் உண்டாக்கிய மொழி ஆய்வுக்கூடத்தை அவர் நினைவாக அப்படியே பாதுகாக்கப் போகிறார்களாம். உள்ளே அவர் படம். வெளியே பெயர்ப்பலகை. கதவில் பூட்டு. ஆண்டுக்கு ஒருநாள் திறந்து பூ வைப்பார்களாம். கேட்க எவ்வளவு அழகாக இருக்கிறது! பிள்ளைகள் எங்கே உட்கார்ந்து ஆங்கிலம் பேசிப் பழகுவார்கள்? அது மட்டும் தீர்மானத்தில் இல்லை.

அந்த அறை எப்படி உண்டானது என்று இங்கே எத்தனை பேருக்குத் தெரியும்? மேடையில் இருப்பவர்களையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

நடைக்கடைசியில் உடைந்த பெஞ்சுகளை அடுக்கி வைத்திருந்த அறை அது. டீச்சர் அதைக் கேட்டு வாங்கினார். முதல் நாள் அவர் செய்த வேலை என்ன தெரியுமா? மூலைக்கு மூலை நாற்காலியை இழுத்துப் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்தார். எந்த இடத்தில் தெருச் சத்தம் குறைவு என்று காதால் அளந்தார். பிள்ளைகள் அவருக்குக் காது டீச்சர் என்று பெயர் வைத்தது அன்றைக்குத்தான். என் மகன் தச்சன். ஒட்டுப்பலகையில் இருபத்துநாலு தடுப்பு அடித்தான். ஒவ்வொரு தடுப்புக்குள்ளும் ஒரு பிள்ளை, ஒரு ஹெட்போன், வாய்க்கு நேரே ஒரு மைக். டீச்சர் மேசையில் இருபத்துநாலு பொத்தான். எந்தப் பொத்தானை அழுத்துகிறாரோ அந்தப் பிள்ளையின் குரல் மட்டும் அவர் காதுக்கு வரும். அந்தப் பிள்ளை தப்பாகப் பேசினால் பக்கத்துப் பிள்ளைக்குத் தெரியாது. சிரிக்க ஆளில்லை. தப்பை டீச்சர் ஒருவர் மட்டும் கேட்டு, மெதுவாகத் திருத்துவார். அவ்வளவுதான் ஐயா மொழி ஆய்வுக்கூடம்.

ஹெட்போன் பெரியவர்கள் தலைக்குச் செய்தது. சின்னப் பிள்ளைகள் தலையில் வழுக்கிக் கழுத்துக்கு வந்துவிட்டது. எண்ணெய் தேய்த்த தலை வேறு. டீச்சர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு என் தையல் கடைக்கு வந்தார்.

"அம்மா, இதுக்கு ஒரு சட்டை தெச்சுத் தரணும்."

"ஆளுக்குத்தான் தெப்பேன் டீச்சர். இது எந்த ஊர் ஆளு?"

"இது காது மட்டும் இருக்கிற ஆளு. வாயில்லாத ஆளு. அளவெடுத்தா ஆடாம நிக்கும்."

பருத்தித் துணியில் நாடா வைத்து இருபத்துநாலு உறை தைத்தேன். ஒவ்வொன்றிலும் நூலால் எண் போட்டேன். வாரம் ஒருமுறை நானே துவைத்துக் கொடுத்தேன்.

கம்பி இழுத்தவர் நம் ஷாக் தம்பி. கரண்ட் இருக்கிறதா என்று விரலை வைத்துப் பார்க்கிறவர், அதனால் அந்தப் பெயர். அவர் மூன்றாம் தடுப்பின் கம்பியைப் பதினொன்றோடு மாற்றிக் கொடுத்துவிட்டார். மூன்றில் பேசுகிறவளின் குரல் பதினொன்றில் இருக்கிறவளுக்குக் கேட்டது. அவள் பேசியது இவளுக்குக் கேட்டது.

"மாறிப்போச்சு டீச்சர், இப்பவே கழட்டி மாத்திடறேன்" என்று தலையைச் சொறிந்தார்.

"தொடாதீங்க தம்பி. இந்த ரெண்டு பேரும் ஒரு மாசமா மூஞ்சியத் திருப்பிக்கிட்டு இருக்காங்க. சனிக்கிழமை வரைக்கும் அப்படியே கிடக்கட்டும்."

புதன்கிழமையே இரண்டு தடுப்புக்குள்ளிருந்தும் சிரிப்புச் சத்தம். "சிரிக்கிறதுன்னா ஆங்கிலத்துல சிரிங்கடி" என்றாராம் டீச்சர். இப்படி ஒரு ஆளை நீங்கள் வேறெங்காவது பார்த்ததுண்டா?

இப்போது என் பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெருமையடிக்கிறாள் கிழவி என்று நினைப்பீர்கள். ஆமாம், பெருமையடிக்கத்தான் போகிறேன். நாலு வருடம் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அவள். ஒருதரம் வாசித்தபோது வகுப்பே சிரித்தது. அன்றோடு மூடிய வாய். அவளை ஒன்பதாம் தடுப்பில் உட்கார வைத்தார் டீச்சர். தினமும் ஒன்பதாம் பொத்தானை அழுத்துவார். வெறும் மூச்சுச் சத்தம்தான் வரும். ஒன்றும் சொல்லமாட்டார், அடுத்த பொத்தானுக்குப் போய்விடுவார். இரண்டு வாரம் மூச்சை மட்டும் கேட்டார் ஐயா! அதற்குப் பிறகு ஒருநாள் மதியம் என் கடைக்கு ஓட்டமும் நடையுமாக வந்தார்.

"அம்மா, உங்க பேத்திய கொஞ்சம் அடக்கி வைங்க."

"என்ன டீச்சர் பண்ணினா?"

"ஒரு பாடம் முழுக்க வாசிச்சுட்டு, அடுத்த பாடம் எங்கேன்னு கேக்குறா. மத்த இருபத்துமூணு பேர நான் எப்பக் கேக்குறது?"

நான் தையல் மெஷினை நிறுத்திவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அவரும் அழுதார். வெட்டிப் போட்ட துணியில் மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

சரி. திறப்பு விழாவுக்கு வருகிறேன். தாளாளர் ஐயா, தண்ணீர் வேண்டுமானால் இப்போதே குடித்துவிடுங்கள்.

மூன்று மாதம் பாடம் நடந்த பிறகுதான் அந்த அறைக்குத் திறப்பு விழா வைத்தீர்கள். தரையில் ஓடும் கம்பி போட்டோவில் அசிங்கமாகத் தெரியும் என்று பிடுங்கிச் சுருட்டி வைக்கச் சொன்னீர்கள். "தையக்காரி துணியெல்லாம் கழட்டுங்க, புதுசு மாதிரி தெரியணும்" என்றீர்கள். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் உறையை மறுபடி மாட்டி, அந்த உறையோடு பிள்ளைகள் காதில் வைத்தீர்கள். விருந்தாளியாக வந்த பெரிய மனிதர் தடுப்பு தடுப்பாகக் குனிந்து "கேக்குதா?" என்று கேட்டார். தலைமையாசிரியர் சொல்லிக் கொடுத்தபடி, "நல்லா கேக்குது சார்" என்று எட்டுப் பிள்ளைகள் சொன்னார்கள். ஒன்பதாவது என் பேத்தி. எழுந்து நின்று, கூட்டம் முழுக்கக் கேட்கிற மாதிரி, தெளிவான ஆங்கிலத்தில் சொன்னாள்: ஐயா, எதுவும் கேட்கவில்லை, கம்பியைப் பிடுங்கிவிட்டார்கள்.

நாலு வருடம் வாய் திறக்காத பிள்ளை! பெரிய மனிதர் கைகொட்டிச் சிரித்தார். டீச்சர் முகத்தில் இருந்த பூரிப்பை நான் பார்த்தேன். உங்கள் முகத்தில் இருந்ததையும் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் பூட்டுத் தொங்கியது.

சாவி உங்கள் சட்டைப் பையில். டீச்சர் உங்கள் அறை வாசலில் நின்று கேட்டார். "நாளைக்கு வாங்க" என்றீர்கள். மறுநாள் போனார். "விருந்தாளி வரும்போது திறக்கலாம்" என்றீர்கள். அடுத்த வாரம் போனார். "பிள்ளைங்க தொட்டா கெட்டுப்போயிடும்" என்றீர்கள். பிள்ளைகள் தொடாத பள்ளிக்கூடம் எதற்கு ஐயா?

அவர் சும்மா இருந்தாரா? குழாய் வேலை செய்கிறவரிடம் வளைந்த பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகள் கேட்டு வாங்கினார். ஒரு முனை வாயில், ஒரு முனை காதில். மெல்லப் பேசினாலும் தன் குரல் தனக்கே கணீரென்று கேட்கும். பூட்டிய அறைக்கு வெளியே, நடையில், சுவரைப் பார்த்து இருபத்துநாலு பிள்ளைகளை நிறுத்திப் பாடம் நடத்தினார். நீங்கள் வந்தீர்கள். "இது பள்ளிக்கூடமா, குழாய்க் கடையா?" என்றீர்கள். அத்தனை துண்டையும் அள்ளிக் குப்பையில் போடச் சொன்னீர்கள். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மறுவாரம் டீச்சரை அந்த வகுப்பிலிருந்தே மாற்றிவிட்டீர்கள். மேடையில் இருக்கும் ஒருவராவது வாய் திறந்தீர்களா? இன்றைக்கு மட்டும் கல்விக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு என்று எப்படி வருகிறது வாய்?

அவரைக் கொன்றது நோய்தான். அதில் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அவர் வாழ்ந்த கடைசி ஒன்றரை வருடத்தைத் தின்றது யார்?

ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது குரல் இறங்கிப் போயிருந்தது. காதை அவர் வாயருகே வைத்தேன்.

"அம்மா, ரூம் திறந்தாச்சா?"

"திறந்தாச்சு டீச்சர்" என்றேன்.

"யாரு உள்ள இருக்கா?"

"ஏழாம் வகுப்பு."

கண்ணை மூடிக்கொண்டு சிரித்தார். நான் அவரிடம் சொன்ன ஒரே பொய் அது. அந்தப் பொய்யோடு அவரைப் போக விட்டேன்.

இவ்வளவு நேரம் நான் பேசியது ஏன் என்று இப்போது சொல்கிறேன். தலைமையாசிரியர் ஐயா, கூட்டம் தொடங்கியதிலிருந்து ஏழாம் வகுப்பு வரிசை காலியாக இருக்கிறதே என்று எட்டி எட்டிப் பார்க்கிறீர்கள். அவர்கள் வரமாட்டார்கள். ஆய்வுக்கூடத்தில் இருக்கிறார்கள்.

பூட்டை யாரும் உடைக்கவில்லை. இன்று காலை என் மகன் கீலைக் கழற்றிக் கதவையே எடுத்துவிட்டான். கதவு என் கடையில் துணி வெட்டும் பலகையாகக் கிடக்கிறது. பூட்டும் கொண்டியும் அதிலேயே தொங்குகின்றன. வேண்டுமானால் வந்து கேளுங்கள் தாளாளர் ஐயா. என் கடை வாசலில் நின்று கேளுங்கள். "நாளைக்கு வாங்க" என்பேன். மறுநாள் வாருங்கள். "விருந்தாளி வரும்போது தரேன்" என்பேன். அதற்கு அடுத்த வாரமும் வாருங்கள். டீச்சர் நின்ற அத்தனை நாளும் நீங்கள் நிற்க வேண்டும். இதுதான் என் பழி.

கதவு இருந்த இடத்தில் கம்பளித் துணியை மூன்று மடிப்பு வைத்துத் திரை தைத்துத் தொங்க விட்டிருக்கிறேன். நடைச் சத்தம் உள்ளே போகாது. நீங்கள் பிடுங்கிய கம்பியை ஷாக் தம்பி மறுபடி இழுத்துக் கொடுத்துவிட்டார். திரையைப் பூட்ட எந்தக் கடையிலும் பூட்டு விற்கவில்லை. உள்ளே பொத்தான் மேசையில் இருப்பது, காது டீச்சருக்கு அடுத்து அந்த வகுப்பை எடுத்த நம் சின்ன டீச்சர். அவர் வேலைமேல் கை வைக்க நினைத்தால், இந்தப் பெஞ்சுகளில் இருக்கும் தாய்மார் எல்லாரும் உங்கள் வீட்டு வாசலில் வந்து உட்காருவோம். சத்தியமாக உட்காருவோம். தினம் இரண்டு பேர் முறைவைத்துத் திரைக்கு வெளியே இருப்போம். உறை துவைப்பது என் வேலை. கை ஓய்கிறவரை துவைப்பேன். டீச்சர், நீங்கள் தொடங்கியதை நாங்கள் நடத்துவோம். நான் சொன்ன பொய் இன்றோடு பொய் இல்லை.

என் பேச்சு முடிந்தது. யாரும் கைதட்ட வேண்டாம். தாளாளர் ஐயா, உங்கள் தீர்மானத்தைத் தாராளமாக வாசியுங்கள். கொஞ்சம் மெதுவாக வாசியுங்கள். பக்கத்தில் பாடம் நடக்கிறது.