பதினாலாம் நம்பர் பெட்டி

— மூடு வேலு. மூடியை எடுத்து வச்சு மூடு. நீ எதையும் பாக்கல, நான் எதையும் கேக்கல. கலாஸ், முடிஞ்சுது.

— பாத்துட்டேனே பாய். துணி விலகி குதிகால் தெரியுது.

— பிளாஸ்டர் பொம்மை அது. இந்த எக்ஸிபிஷன்ல இருக்கிறது பூரா டூப்ளிகேட்தான். முசஃபா வொர்க்ஷாப்புல நாம செஞ்ச இந்தப் பிரமிடு மாதிரி.

— பிரமிடுக்கு வெல்டிங் அடிச்சதே நான்தான், அது பொய்யின்னு எனக்குத் தெரியும். இது பொய்யில்ல. எங்கப்பா மானாமதுரைப் பக்கம் சுடுகாட்டுல குழி வெட்டுனவரு. பத்து வயசுலேருந்து அவரு கூட நின்னு மண்ணு அள்ளுனவன் நான். எலும்பு எது, சுண்ணாம்பு எதுன்னு எனக்குத் தெரியாதா? பச்சப் பிள்ளை பாய் இது. நாலு வயசு கூட இருக்காது.

— யா அல்லாஹ்... மெல்லப் பேசு. வெளிய செக்யூரிட்டி நிக்கிறான்.

— டாக்டர் கோஹன் எப்ப வர்றாரு?

— ஹோட்டல்லேருந்து கிளம்பிட்டாரு. கால் மணி நேரம், அவ்வளவுதான்.

— அவரை வரவேணாம்னு சொல்லுங்க.

— எப்படிச் சொல்றது? நாளை மறுநாள் திறக்கணும். எக்ஸிபிஷன் ஆலோசகரு அவரு, சுத்திப் பாத்து சரின்னு தலையாட்டுனாத்தான் திறக்க முடியும், விளங்குதா?

— கோஹன்னா அவங்க பாஷையில பூசாரின்னு நீங்கதானே எனக்குச் சொன்னீங்க?

— சொன்னேன். யூதருங்கள்ல பன்னெண்டு கோத்திரம். அதுல லேவி கோத்திரம், அதுல ஹாரூன் நபி வழி வந்தவங்கதான் பூசாரி. அதுக்கென்ன இப்ப?

— பொணம் கிடக்கிற கூரைக்குக் கீழ அந்த வம்சத்து ஆளு நிக்கவே கூடாதாமே? அதனாலதானே வேலை ஆரம்பிக்கும்போதே எழுதிக் கேட்டாரு, நெச உடம்பு எதுவும் கொண்டாந்து வைக்க மாட்டீங்களேன்னு?

— கேட்டாரு.

— வைக்க மாட்டோம்னு கையெழுத்துப் போட்டது யாரு?

— நான்தான். கௌஸ் முகைதீன், சைட் சூப்பர்வைசர். போதுமா?

— அப்ப இந்தப் பதினாலாம் நம்பர் பெட்டி எப்படி வந்துச்சு? கூட வந்த பேப்பர்ல ஒண்ணும் எழுதலையா?

— அதை விடு. மூடியைப் புடி.

— பாய். என் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க.

— எழுதியிருந்தான். எகிப்து மம்மி, மரம், துணி, குழந்தை உடம்புன்னு. அந்தத் தாளை நான் ஃபைலுலேருந்து உருவிட்டேன்.

— எப்ப?

— போன வாரம். மேனேஜர்கிட்ட காட்டினேன் வேலு, காட்டாம இல்ல. திருப்பி அனுப்பி வேற வரவழைக்க ஒரு மாசமாகும்னான். பிரமிடுக்குள்ள பெட்டி இல்லாம என்னத்தத் திறக்கிறது, உன்னால முடியலைன்னா வேற சூப்பர்வைசர் இருக்கான்னான். என் மகன் முஆத் இங்கதான் பிளஸ் டூ படிக்கிறான். நடுவுல விசா கேன்சலாச்சுன்னா அவனைக் கூட்டிக்கிட்டு நான் எங்க போவேன்?

— கஷ்டம்தான். இல்லேங்கல. ஆனா அந்த மனுசன் உங்க கையெழுத்தை நம்பி வர்றாரே.

— தெரியாமப் போனா அவருக்கு என்ன குறைஞ்சிரும்? நீ சொல்லு. உங்க ஊருக் கோயில்ல உன்னையே தீட்டுன்னு வாசலோட நிறுத்தினவங்கதானே? நீ என்னடான்னா இன்னொருத்தரு தீட்டுக்குக் காவல் நிக்கிறே!

— அதையும் இதையும் ஒண்ணாக்காதீங்க. வொர்க்ஷாப்புக்கு அவரு வந்தன்னிக்கு நீங்க சாப்பிடப் போயிட்டீங்க. எனக்குக் கை கொடுத்தாரு. நான் கையை இழுத்துக்கிட்டேன். எங்கப்பா பொணம் தொட்டவரு சார், நீங்க தொடலாமான்னு கேட்டேன். கூட வெல்டிங் பாத்த முகம்மது ஆசிக்தான் அதை இங்கிலீஸ்ல சொன்னான்.

— என்ன சொன்னாரு?

— பொணம்தான் எனக்கு ஆகாது, மனுசன் இல்லேன்னாரு. சொல்லிட்டு என் ரெண்டு கையையும் புடிச்சாரு. எங்க ஊருல இன்ன வரைக்கும் ஒரு பூசாரி என் கையைத் தொட்டதில்ல பாய். இன்னொண்ணும் சொன்னாரு. எகிப்துல பூசாரிக்கு எந்நேரமும் செத்தவங்களோடதான் வேலையாம், அதுக்குத்தான் மலை மாதிரி பிரமிடாம். அங்க அடிமையாக் கிடந்து தப்பிச்ச சனம் நாங்க, எங்க பூசாரி உயிரோட இருக்கிறவங்களுக்கு மட்டும்தான்னு எங்க பாட்டன்மாரு முடிவு பண்ணிட்டாங்கன்னாரு. அவ்வளவு தூரம் காப்பாத்திக்கிட்டு வந்ததை, நீங்களும் நானும் சேர்ந்து கெடுக்கணுமா?

— கதையெல்லாம் அப்புறம். ஆணியை அடி.

— அடிக்க மாட்டேன்.

— வேலு! நான் சொல்றேன், அடி.

— வேலையை விட்டு அனுப்புங்க, போறேன். அடிக்க மாட்டேன்.

— சுத்தியலைக் கொடு. நானே அடிக்கிறேன்.

— இந்தாங்க. ஒரே ஒண்ணு கேக்கட்டா? உங்க வீட்டுப் பிள்ளை செத்து மய்யித்தாக் கிடந்தா, பெட்டியில போட்டு விளக்கு போட்டு வேடிக்கை காட்டுவீங்களா?

— வாயை மூடு.

— மூடிக்கிறேன். அடிங்க... என்ன பாய், சுத்தியலைக் கீழ வச்சுட்டீங்க?

— ரெண்டாவது மக பிறந்து மூணு வருசத்துல மௌத்தாயிட்டா. கீழக்கரையில. நான் இங்க டூட்டியில இருந்தேன். கபருக்கு மண்ணு போடக்கூட என்னால போக முடியல.

— எனக்குத் தெரியாது பாய். மன்னிச்சிருங்க.

— போன் அடிக்குது. அவருதான்.

— எடுங்க. சொல்லிருங்க.

— ஹலோ, டாக்டர்... எஸ், எஸ். வாசலுக்கு வந்துட்டீங்களா... நோ, நோ டாக்டர், ப்ளீஸ், டோன்ட் கம் இன்சைட். அங்கேயே நில்லுங்க. தேர் இஸ் எ ரியல் பாடி. சின்னப் பிள்ளை. எ சைல்ட். எனக்குத் தெரியும், ஐ நியூ. ஐ சைன்ட், பொய் சொல்லிட்டேன், டாக்டர். வெரி சாரி... யெஸ்... நோ, நோபடி. நாலாயிரம் வருஷம். நோபடி இஸ் தேர்... வாட்?... ஓகே. ஓகே டாக்டர்.

— திட்டுனாரா?

— இல்ல.

— திரும்பிப் போறாராமா?

— இல்ல வேலு. அந்தப் பிள்ளைக்கு இப்ப யாராச்சும் இருக்காங்களான்னு கேட்டாரு. ஒருத்தரும் இல்லேன்னேன்.

— அதுக்கு?

— நாதியத்துக் கிடக்கிற மய்யித்துக்கு மட்டும் அந்தத் தடை கிடையாதாம். அவங்க தலைமைப் பூசாரியே ஆனாலும் தன் கையாலதான் தூக்கி அடக்கம் பண்ணணுமாம். கதவைத் திற, உள்ள வர்றாரு.