கோழியை ஆர் சமைச்சது?

— இல்லை சிவானி, முதல்ல இருந்து திருப்பிச் சொல்லும். ஒபிஸர் கேக்கிறார்: கலியாணம் முடிஞ்சு ரெண்டு பேரும் வீட்டில முதன்முதல் என்ன சமைச்சுச் சாப்பிட்டனீங்கள்?

— கோழி. தக்காளிப்பழம் போட்டு, இத்தாலி மாதிரி.

— ஆர் சமைச்சது?

— என்ர அவர். உமாசுதன்.

— அங்கதான் பிழைச்சது. போன கிழமை எம்பசியில இதே கேள்விக்கு நான் மற்ற அறையில இருந்து, நண்டுக் குழம்பு, சிவானிதான் வச்சவ எண்டு அடிச்சு விட்டிட்டன்.

— உங்களுக்குப் பெருமையா இருக்கட்டும் எண்டுதான் நான் அப்பிடிச் சொன்னனான்.

— நானும் உமக்குப் பெருமையா இருக்கட்டும் எண்டுதான். உண்மையில காலி வீதிக் கடையில கொத்துரொட்டி வாங்கித் திண்டனாங்கள். அதை ரெண்டு பேரும் சொல்லியிருந்தா நாளைக்குத் திருப்பிக் கூப்பிட்டிருக்க மாட்டினம்.

— கொத்துரொட்டி எண்டு சொன்னா விசா தருவினமோ?

— ரெண்டு பேரும் ஒரே கொத்துரொட்டியைச் சொன்னா தருவினம். இப்ப உம்மட கோழியைத்தான் உண்மையாக்க வேணும். நாளைக்கு வெள்ளிக்கிழமை, எங்கட அடுப்பில மச்ச மாமிசம் ஏறாது. பத்து மணிக்கு இன்டர்வியூ. ஞாயிற்றுக்கிழமை உமக்கு பிளைட். எனக்கு விசா இல்லை எண்டா நீர் இத்தாலியில பலெர்மோவில, நான் இங்க வெள்ளவத்தையில. ஒரு வருசத்துக்குப் போனிலதான் குடும்பம்.

— அல்லோரா, கோழியை எடுங்கோ.

— இதென்ன எந்த நேரமும் அல்லோரா? எங்கட ஆக்கள் வசனத்தை "அல்லோ" எண்டு முடிப்பினம். நீர் அதில தொடங்குறீர்.

— அது இத்தாலியன். "சரி, அப்ப" எண்டு அர்த்தம். பதினெட்டு வருசம் அங்க இருந்தா உங்களுக்கும் வரும்.

— முதல்ல விசா வரட்டும். இந்தாரும் கோழி.

— உமா, இதென்ன?

— கோழி.

— இது கோழி இல்லை, கோழிக்கு நடந்த எக்சிடென்ற். இருபத்தெட்டுத் துண்டு இருக்கு. கோழிக்காலை முழுசா, தோலோட வாங்கச் சொன்னனான் அல்லோ?

— கடைக்காரன் "கறிக்கோ?" எண்டு சிங்களத்தில கேட்டான். இத்தாலிக்கு எண்டு எந்தச் சிங்களத்தில சொல்லுறது? தலையை ஆட்டினன். வெட்டிப்போட்டான்.

— பரவாயில்லை. சட்டியைக் காய வையுங்கோ. நல்ல தடிப்பமான சட்டி, எங்க எடுத்தனீங்கள்?

— எதிர் பிளாட் பஹ்மியா ஆன்ட்டியின்ர. தரேக்க ஒரு கண்டிசன் போட்டவ. "வைன் கியின் ஊத்தினா சட்டி எனக்கு வாணாம் மகன், நீங்களே வெச்சிக்கோங்க" எண்டவ.

— அப்ப வைனுக்கு என்ன செய்யிறது?

— வினாகிரி விடுவம். ரெண்டும் புளிப்புத்தானே.

— கொஞ்சமா விடுங்கோ. உமா! கையில என்ன போத்தல்?

— தூள். அரைக் கரண்டிதான்.

— தூள் போட்டா அது கறி.

— போடாட்டி அது பத்தியம்.

— என்ன போட்டனீங்கள் எண்டு ஒபிஸர் கேட்டா யாழ்ப்பாணத் தூள் எண்டு சொல்லுவீங்களோ? மூடி வையுங்கோ. தக்காளிப்பழத்தைச் சுடுதண்ணியில போட்டுத் தோலை உரியுங்கோ.

— தக்காளிக்கும் தோல் உரிக்கிறதோ? முப்பத்தொரு வருசமாத் தோலோடதான் திண்டனான். உயிரோடதான் நிக்கிறன்.

— உரியுங்கோ.

— உரிக்கிறன். உள்ளி ஆறு பல்லு, வெங்காயம் ரெண்டு. எழுதிப் பாடமாக்கிட்டன். அடுத்த கேள்வி: மனைவி இதை எங்க பழகினவ?

— பழகேல்லை, பாத்தனான். அம்மா ஒரு பணக்கார மனுசியின்ர வீட்டில சமையல். பள்ளிக்கூடம் விட்டா நான் அந்தக் குசினி மேசையில இருந்துதான் ஹோம்வேர்க் செய்யிறது. கிழமைக்கு ஒருக்கா இந்தக் கோழி வேகும்.

— உமக்கும் தருவினமோ?

— மணம் வரும்.

— அதை எழுதட்டோ?

— எழுதாதேங்கோ. அது உங்களுக்குச் சொன்னது.

— சரி. மனைவிக்குப் பிடிச்ச நிறம்?

— இதெல்லாம் கேப்பினமோ?

— என்ர சிநேகிதன் பிரதீஸ் தந்த லிஸ்றில இருக்கு. அவன் ரெண்டு தரம் விசா றிஜெக்ற் ஆனவன். எல்லாக் கேள்வியும் தெரியும்.

— மண்ணிறம்.

— உலகத்தில ஒருத்தருக்கும் மண்ணிறம் பிடிக்காது.

— எனக்குப் பிடிக்கும்.

— மண்ணிறம், எழுதியாச்சு. மனைவி நித்திரையில கதைக்கிறவவோ?

— நீங்கள்தான் கதைக்கிறனீங்கள். நேற்று இத்தாலியனில "நான் போகிறேன், நீ போகிறாய்" முழுக்கச் சொன்னீங்கள். "அவர்கள் போகிறார்கள்" மட்டும் பிழை.

— எழுப்பித் திருத்தியிருக்கலாமே.

— பாவமா இருந்தது. கிண்டுங்கோ, அடிப்பிடிக்குது. பியானோ, பியானோ!

— பியானோவோ?

— மெதுவா எண்டு.

— உங்கட பாஷையில எல்லாம் வேற என்னவோ மாதிரிக் கேக்குது. சரி, மனைவி எதுக்குப் பயப்பிடுவா?

— லிப்டுக்கு.

— அதாலதான் ஆறாம் மாடிக்கு நடந்து வாறனீரோ? எக்ஸசைஸ் எண்டெல்லே நான் எங்கட அம்மாக்குச் சொல்லி வச்சிருக்கிறன்! அவ சொந்தக்காரர் எல்லாருக்கும் "மருமகள் உடம்பில கவனம்" எண்டு சொல்லித் திரியிறா.

— நீங்கள் கேக்கேல்லை, நான் சொல்லேல்லை.

— ம். கடைசியா எப்ப அழுதவ?

— அது லிஸ்றில இல்லை.

— கேட்டாலும் கேப்பினம்.

— கட்டுநாயக்கா எயார்போர்ட்டில. வந்து இறங்கின அண்டு. உங்கட ஆக்கள் பதினாலு பேர் மாலையோட நிக்கினம். எனக்கு ஒருத்தரையும் தெரியாது.

— என்னைத் தெரியும் அல்லோ? ஆறு மாசம் வீடியோவில கதைச்சனாங்கள்.

— வீடியோவில தொப்பி போட்டிருந்தீங்கள்.

— வெயில்.

— ஆறு மாசமும், வீட்டுக்குள்ள.

— அதுக்குத்தான் அழுதனீரோ?

— இல்லை. வழுக்கையைக் கண்டதுக்கு டொய்லெட்டுக்குள்ள போய் நிண்டு சிரிச்சனான். அழுதது வேறைக்கு. நான் இறங்கினதுக்கு எல்லாரும் கைதட்டிச்சினம். களைப்போ, சாப்பிட்டனியோ எண்டு ஒருத்தரும் கேக்கேல்லை.

— நான் பையைத் தூக்கினனான்.

— ஓம். பையைத் தூக்கினீங்கள்.

— கோழி அவிஞ்சிட்டுது. வாயைத் திறவும். எப்பிடி?

— தூள் போட்டீங்கள்.

— கால் கரண்டி. நீர் ஜன்னலுக்க போனைப் பாத்துக்கொண்டு நிக்கேக்க.

— உமா!

— கோவமோ?

— நல்லா இருக்கு. அதுதான் கோவம்.

— அப்ப இன்னும் ஒரே ஒரு கேள்வி. திருப்பி முதல்ல இருந்து கலியாணம் பேசி வந்தா, தொப்பி இல்லாமல், இதே ஆளை முடிப்பீரோ?

— இதை ஒபிஸர் கேக்க மாட்டார்.

— உமக்கு எப்பிடித் தெரியும்?

— நாளைக்கு வரத் தேவையில்லை, விசா சரி எண்டு இண்டைக்குக் காலமை எட்டரைக்கே என்ர போனுக்கு மெயில் வந்திட்டுது. உடன சொல்லியிருந்தா நீங்கள் கேள்வி கேக்கிறதை நிப்பாட்டியிருப்பீங்கள்.